ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல்: எங்கே தேடுவது, எப்படிப் பொருத்துவது

கீரையை ஆய்வார்கள். பச்சை மிளகாயைக் கீறுவார்கள். வெங்காயத்தை அரிவார்கள் அல்லது நறுக்குவார்கள். தேங்காயைத் துருவுவார்கள், மாங்காயின் தோலைச் சீவுவார்கள், கொத்தமல்லியைக் கிள்ளுவார்கள், கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவுவார்கள். அடுப்படியை விட்டு வெளியே வந்தால் கதிரை அறுப்பார்கள், புல்லைச் செதுக்குவார்கள், கிளையைக் கழிப்பார்கள், மரத்தை வெட்டுவார்கள், வெட்டிய மரத்தை ரம்பத்தால் அறுப்பார்கள். இன்று சமையல் காணொளிகளைப் பார்த்தால் இவற்றில் பலவும் 'கட் பண்ணி' என்ற ஒரே வினைக்குள் போய்விட்டன. அதில் ஆங்கிலம் கலந்திருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. 'மிளகாயைக் கட் பண்ணிப் போடுங்க' என்றால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது என்பதுதான் குறை. வட்டமாகவா, பொடியாகவா, நீளவாக்கிலா? அதனால் சொல்பவரே தொடர்ந்து, 'முழுசா வெட்டிடாம, நடுவுல மட்டும் நீளமா' என்று விளக்க வேண்டியிருக்கிறது. 'கீறிப் போடுங்க' என்றால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

'இந்தச் சொல்லுக்கு வேறு நல்ல சொல் என்ன?' என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் உயர்ந்த சொல்லைத் தேடுகிறார்கள். சாப்பிட்டான் என்பதை உணவருந்தினான் என்றும், பார்த்தான் என்பதை நோக்கினான் என்றும், சொன்னான் என்பதை இயம்பினான் என்றும் மாற்றினால் எழுத்து மெருகேறிவிடும் என்ற எண்ணம் பள்ளிக்கூடத்திலிருந்தே நம்மோடு வருகிறது. இப்படி மாற்றும்போது வாசகருக்குப் புதிதாக ஒரு செய்தியும் கிடைப்பதில்லை. அவன் எப்படிச் சாப்பிட்டான் என்பது முன்பும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அவன் கொறித்திருக்கலாம், மென்றிருக்கலாம், விழுங்கியிருக்கலாம், அள்ளி அடைத்திருக்கலாம், பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கலாம். நல்ல மாற்றுச் சொல் என்பது பழைய சொல்லைவிடக் குறுகலான பொருள் உடைய சொல். அது பல நேரம் பழைய சொல்லைவிட எளியதாகவும் இருக்கும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் தேடும் இடமே மாறிவிடுகிறது.

தமிழில் ஒத்த சொற்களைத் திரட்டும் வேலை மிகப் பழையது. நமக்குக் கிடைத்திருக்கும் நிகண்டுகளில் முற்பட்டதான திவாகரம் 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. அம்பர் என்ற ஊரின் தலைவனான சேந்தன் ஆதரவில் திவாகரர் செய்த நூல் என்பதால் இதைச் சேந்தன் திவாகரம் என்றும் சொல்வார்கள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று தொடங்கி, பண்பு, செயல், ஒலி என நீண்டு, மொத்தம் 12 தொகுதிகளாகச் சொற்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பின்னால் பிங்கலம் வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு வந்தது. அது விருத்தத்தில் அமைந்ததால் மனப்பாடம் செய்ய எளிது, திண்ணைப் பள்ளிகளில் நெடுங்காலம் பாடமாகவும் இருந்தது. 1852-இல் லண்டனில் பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் தன் தெசாரஸை வெளியிட்டபோது கையாண்ட முறையும் ஏறக்குறைய இதுதான். அகர வரிசையை விட்டுவிட்டு, கருத்து வாரியாகச் சொற்களைச் சேர்த்தார்.

நிகண்டு யாருக்காக எழுதப்பட்டது என்பதை மறந்துவிட்டு அதைத் திறந்தால் ஏமாற்றம் வரும். அது செய்யுள் எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் உதவ எழுந்த நூல். மலைக்கு வெற்பு, விலங்கல், விண்டு, பொருப்பு, வரை, ஓங்கல், அடுக்கல் என்று பல பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். முதல் சீரில் 'திரை' வந்துவிட்டால் எதுகைக்கு 'வரை' வேண்டும். மோனைக்கு வகரம் தேவைப்பட்டால் 'வெற்பு' உதவும். யாப்பின் தேவைக்கு இவையெல்லாம் சமம், அதனால் பட்டியலிலும் சமமாக நிற்கின்றன. உரைநடைக்காரருக்கு அந்தத் தேவை கிடையாது. 'விடுமுறைக்குக் குடும்பத்தோடு விலங்கல் ஏறினோம்' என்று எழுதினால் வாசகர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுவார், மலைக்குப் போக மாட்டார். சில சொற்கள் பட்டியலில் மட்டும்தான் சமம். யானையின் பெயர்களுள் களிறும் வரும், பிடியும் வரும். களிறு என்றால் ஆண், பிடி என்றால் பெண். எதுகை பொருந்துகிறது என்று பிடிக்குத் தந்தம் வைத்து எழுதிவிட முடியாது.

நிகண்டுக்கு எதிர்த்திசையில், சொற்களைப் பிரித்துக் காட்டும் மரபும் நம்மிடம் உண்டு. தொல்காப்பியம் 'ஒருபொருள் குறித்த வேறுசொல்' என்று ஒத்த சொற்களை ஒரு வகையாக ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதே நூல், ஒன்றுபோலத் தெரியும் சொற்களுக்கு நடுவே கோடு போட்டுக் காட்டும் இடங்கள்தான் எழுதுகிறவருக்கு மிகவும் பயன்படுபவை.

ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் ஒன்றைக் கேட்கும்போது வருபவை. கேட்பவர் தாழ்ந்த நிலையில் இருந்தால் 'ஈ' என்பார், ஒத்த நிலையில் இருந்தால் 'தா' என்பார், உயர்ந்த நிலையில் இருந்தால் 'கொடு' என்பார் என்று நூல் வகுக்கிறது. கேட்கப்படும் பொருளில் வேறுபாடு இல்லை, கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதில் வேறுபாடு. இன்னோர் இடத்தில் தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்கிறது. எனக்குத் தா, உனக்குத் தருகிறேன், அவனுக்குக் கொடு. தமிழ்நாட்டுப் பேச்சில் 'எனக்குக் குடு' என்பது இயல்பாகிவிட்டது. மலையாளத்தில் இந்த வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்து 'எனக்குத் தாங்கோ' என்பதிலும் அதைக் கேட்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று: 'வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்'. உணவைக் குறிக்கும் அடிசில் என்ற சொல்லில் உண்பது, தின்பது, நக்குவது, பருகுவது எல்லாம் அடக்கம். அப்படிப் பொதுவாகச் சொல்லும்போது 'தின்றார்' என்று ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைப் போடக் கூடாது, 'அயின்றார்', 'மிசைந்தார்' போன்ற பொதுவினையைப் போட வேண்டும் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். அணி என்றால் பூண்பதும் கவிப்பதும் உண்டு, ஆகவே 'அணிந்தார்'. இயம், அதாவது இசைக்கருவி என்றால் கொட்டுவதும் ஊதுவதும் உண்டு, ஆகவே 'இயம்பினார்'. யாழும் குழலும் என்று எண்ணி அடுக்கினாலும் இதே முறைதான். இந்த விதிக்குள் ஒரு பெரிய ஒப்புதல் இருக்கிறது. பொதுச்சொல் இளப்பமானது கிடையாது, பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் அதுதான் சரியான சொல். நாம் படும் சிக்கல் இதற்கு மறுபுறம். தனித்துச் சொல்ல வேண்டிய இடத்திலும் பொதுவினையையே போடுகிறோம். வயலின் வாசித்தார், மிருதங்கம் வாசித்தார் என்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, இப்போது எல்லாவற்றையும் 'பிளே பண்ணினார்' என்று முடித்துவிடுகிறோம்.

இளமைப் பெயர்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் அறிந்தவைதான். கோழிக்குஞ்சு, நாய்க்குட்டி, கன்றுக்குட்டி, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை, வாழைக்கன்று, நெல்நாற்று, பனைக்கு வடலி. இவற்றை ஒன்றுக்கு மற்றொன்றாக யாரும் மாற்றிப் போடுவதில்லை. பிஞ்சுகளுக்கும் அப்படித்தான்: மாவடு, பலாமூசு, வாழைக்கச்சல், தென்னங்குரும்பை. தேவநேயப் பாவாணர் இத்தகைய சொற்களை ஆர்வத்தோடு திரட்டி, தமிழின் சொல்வளத்துக்குச் சான்றாக வைத்தார். பூவின் பருவங்களான அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் பட்டியலும் இன்று பலருடைய கைபேசியில் இருக்கிறது. அதைப் 'பூவுக்கு ஏழு பெயர்' என்று பகிர்கிறார்கள். அவை ஏழு நிலைகளைக் குறிக்கும் ஏழு சொற்கள். செம்மல் என்பது வாடிய பூ, அதைக் கூந்தலில் சூட்டி எழுதினால் தவறு.

இனி 'சொன்னார்' என்ற சொல்லுக்கு வருவோம். கதை எழுதுகிறவர்களும் செய்தி எழுதுகிறவர்களும் அதிகம் மாற்று தேடுவது இதற்குத்தான். ஏட்டில் கூறு, உரை, மொழி, செப்பு, பகர், நவில், இயம்பு, விளம்பு, புகல், அறை, சாற்று, நுவல், ஓது, கழறு என்று ஒரு படையே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்த சாயலும் காட்டுகிறார்கள். செப்பு என்றால் விடை சொல்லுதல், தொல்காப்பியத்தில் 'செப்பும் வினாவும்' என்றே இணையாக வருகிறது. பகர்தல் விற்பனையோடு சேர்ந்தது, பழைய இலக்கியத்தில் பகர்நர் என்றால் விற்பவர். கழறுதல் கடிந்து சொல்லுதல், சாற்றுதல் ஊரறிய அறிவித்தல். இந்த வேறுபாடுகள் அழகானவை. ஆனாலும் செய்யுளிலேயே இவை பல நேரம் எதுகை மோனைக்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்திருக்கின்றன. இன்றைய வாசகரின் காதில் எல்லாமே 'பழைய தமிழ்' என்ற ஒரே ஒலியாக விழுகின்றன. கூறு, உரை, மொழி மூன்றையும் தவிர மற்றவற்றைத் தற்கால உரைநடையில் தனி வினையாகப் போட நான் தயங்குவேன்.

அதற்குப் பதிலாக வீட்டில் புழங்கும் வினைகளைப் பாருங்கள். முனகினாள், முணுமுணுத்தாள், புலம்பினாள், அரற்றினாள், பிதற்றினாள், உளறினாள், அனத்தினாள், நச்சரித்தாள், அதட்டினாள், கிசுகிசுத்தாள், இழுத்தாள், மழுப்பினாள், சமாளித்தாள், குத்திக்காட்டினாள், சொல்லிக்காட்டினாள், அளந்துவிட்டாள், போட்டுக்கொடுத்தாள், கோள்மூட்டினாள். சொல்லிக்காட்டுதலை மட்டும் யோசித்துப் பாருங்கள். எப்போதோ செய்த உதவியை, வாங்கியவர் கூசும்படி, வேறொரு பேச்சுக்கு நடுவில் நினைவுபடுத்துவது. இவ்வளவும் ஒரே வினையில் அடங்கியிருக்கிறது. இதை எந்தப் புலவரும் உண்டாக்கவில்லை. குடும்பங்களுக்குள் தேவைப்பட்டது, தானாக வந்தது.

செய்தியில் நிலைமை வேறு. ஒரே அறிக்கையில் 'கூறினார்' நான்கு முறை வந்துவிட்டால் துணை ஆசிரியருக்கு உறுத்துகிறது. ஒன்றைத் 'தெரிவித்தார்' ஆக்குகிறார், இன்னொன்றைச் 'சுட்டிக்காட்டினார்' ஆக்குகிறார், மூன்றாவதை 'ஒப்புக்கொண்டார்' ஆக்குகிறார். தெரிவித்தாரால் பெரிய தீங்கு இல்லை. சுட்டிக்காட்டினார் என்றால் சொன்ன விஷயம் உண்மை என்று செய்தியாளரே கையெழுத்துப் போட்டதாக ஆகிறது. ஒப்புக்கொண்டார் என்றால் சொன்னவர் ஏதோ தவற்றை மறைத்துவந்ததாகத் தொனிக்கிறது. வலியுறுத்தினார், சாடினார், மழுப்பினார், விளக்கமளித்தார் ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு. சொல் திரும்ப வரக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக இதில் ஒன்றைப் பொறுக்கினால், எழுதியவர் நினைக்காத பொருள் அச்சாகிவிடும். கூறினார், கூறினார் என்று திரும்ப வருவது வாசகர் கண்ணில் அநேகமாகப் படுவதே இல்லை. ஒரே சொல் அடுத்தடுத்து வரக் கூடாது என்று கட்டுரை வகுப்பில் கற்ற பாடத்தைச் செய்தி எழுதும்போது கைவிட்டுவிட வேண்டும் என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

'மிகவும்', 'ரொம்ப' இரண்டும் வேறு வகை. இவற்றுக்கு ஒத்த சொல்லாக வெகு, பெரிதும், நனி, சால என்று தேடுகிறார்கள். தமிழ் இதற்கு வைத்திருக்கும் வழி, மிகுதியைச் சொல்லுக்குள்ளேயே ஏற்றிவிடுவது. மிகவும் தனியாக இருந்தால் தன்னந்தனி. மிகவும் சிறியது சின்னஞ்சிறு, மிகவும் புதியது புத்தம்புது, மிகவும் சிவந்தது செக்கச்செவேல், மிகவும் கறுத்தது கன்னங்கரேல், மிகவும் வெளுத்தது வெள்ளைவெளேர். நட்டநடு, பச்சைப்பசேல், வெட்டவெளி, கும்மிருட்டு எல்லாம் இந்தக் குடும்பம்தான். சுவையில் இன்னும் எளிது. உப்பு மிகவும் அதிகமானால் கரிக்கிறது. காரம் அதிகமானால் எரிகிறது, புளிப்பு அதிகமானால் பல் கூசுகிறது, எதுவுமே இல்லையென்றால் சப்பென்று இருக்கிறது. மழைக்கும் இப்படித்தான். 'மழை லேசாகப் பெய்தது', 'மழை மிகவும் பலமாகப் பெய்தது' என்று எழுதுகிற இடங்களில் தூறியது, சாரல் அடித்தது, கொட்டியது, விளாசியது, பிடித்துக்கொண்டது, விட்டது, வெறித்தது என்று வினைகள் தயாராக நிற்கின்றன. 'லேசாக', 'மிகவும்' போன்ற அடைகள் வாக்கியத்தில் கூடிப்போயிருந்தால், வினை பொதுவாக இருக்கிறது என்று பொருள். வினையை மாற்றினால் அடை தானே உதிர்ந்துவிடும்.

'நல்ல' என்ற சொல்லைச் சந்தையில் யாரும் அதிகம் நம்புவதில்லை. தேங்காய் முற்றலா என்று கேட்பார்கள், வெண்டைக்காய் பிஞ்சா என்று நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள், மாங்காய் கெட்டியா என்று அழுத்திப் பார்ப்பார்கள், பருப்பும் அரிசியும் நயமா என்று விசாரிப்பார்கள். தேங்காய்க்கு முற்றல் நல்லது, வெண்டைக்காய்க்கு அதுவே குறை. 'நல்ல' என்பதற்கு மாற்றுச் சொல் தேடுகிறவர் எதற்கு நல்லது என்ற கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும், சொல் பெரும்பாலும் வந்துவிடும். நல்ல ஆசிரியர் என்று எழுதத் தோன்றும்போதும் அதே கேள்விதான். பொறுமையானவரா, கறாரானவரா, பாடத்தைப் பிட்டு வைப்பவரா?

சொல்லுக்கு ஊரும் உண்டு. தமிழ்நாட்டில் பேசுவது என்றால் உரையாடுவது. யாழ்ப்பாணத்தில் அதைக் கதைத்தல் என்பார்கள், 'அம்மா பேசினவ' என்றால் அம்மா ஏசினார் என்று பொருள். அகராதியில் பேசு, கதை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். வல்வெட்டித்துறைப் பாத்திரம் மதுரைக்காரர்போல் பேசினால் வாசகர் உடனே கண்டுகொள்வார். தமிழ்நாட்டுக்குள்ளேயே இந்த வேறுபாடுகள் ஏராளம். கரிசல் பகுதிச் சொற்களுக்காகக் கி. ராஜநாராயணன் தனியாக ஓர் வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தது இதனால்தான்.

சமய, சமூக வழக்கும் இப்படியே. செத்தார், இறந்தார், காலமானார், மறைந்தார், தவறிவிட்டார், சிவபதம் அடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையானார், வஃபாத்தானார். செய்தி ஒன்றுதான், ஆனால் எந்தச் சுவரொட்டியில் எந்தச் சொல் வரும் என்பது நமக்குத் தெரியும். அமங்கலமானதை மங்கலமாகச் சொல்வது மங்கலம், கூசும் சொல்லை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல் என்று இலக்கணம் இதைத் தகுதி வழக்கில் வைத்திருக்கிறது.

அப்புறம், எங்கே தேடுவது? நிகண்டுகள், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் ஆகியவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீரமாமுனிவர் 1732-இல் முடித்த சதுரகராதியும் பார்க்கத் தக்கது. அதன் நான்கு பகுதிகளில் ஒன்றான பொருளகராதி, ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களைத் தருகிறது. லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருப்பதால் மறந்துபோன சொல்லை மீட்க அது நல்ல இடம். ஆனால் அது எல்லாக் காலத்துச் சொற்களையும் ஒன்றாக வைத்திருப்பதால், ஒரு சொல் இன்று புழங்குகிறதா என்பதை அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அதற்கு 1992-இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேண்டும். உயர் வழக்கு, பேச்சு வழக்கு, வட்டார வழக்கு, இலங்கை வழக்கு என்று அது குறித்துக் காட்டுகிறது, எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. எனக்குத் தெரிந்தவரை இதுதான் பாதுகாப்பான வழி: லெக்சிகனில் கண்டுபிடித்ததை க்ரியாவில் சரிபார்ப்பது. பிறகு அந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்ப்பது. கனத்த மழை, பலத்த காற்று, கொளுத்தும் வெயில், ஆழ்ந்த உறக்கம், கொழுத்த லாபம். 'கொழுத்த உறக்கம்' என்று மாற்றிப் போட்டால் நாக்கே தடுக்கும். வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது வேறெந்தச் சோதனையையும்விட வேகமானது.

தொழில் சார்ந்த சொல் என்றால் அந்தத் தொழில் செய்கிறவரிடம் கேட்க வேண்டும். கரையில் நிற்பவருக்குக் காற்று வெறும் காற்று. கடலுக்குப் போகிறவருக்கு அது வாடை, கொண்டல், கச்சான், சோழகம், அதாவது வடக்கிலிருந்தா, கிழக்கிலிருந்தா, மேற்கிலிருந்தா, தெற்கிலிருந்தா என்பது பெயரிலேயே தெரியும். தறியில் இழை அறுவதற்கும் பாவு சிக்குவதற்கும், தச்சுப் பட்டறையில் மரம் இழைப்பதற்கும் கடைவதற்கும் செதுக்குவதற்கும் இப்படி வினைகள் இருக்கின்றன. 'இதை நீங்க என்னன்னு சொல்வீங்க?' என்று கேட்டால் முதலில் கொஞ்சம் யோசிப்பார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் யோசிக்கவே தேவையிருக்காது, கை செய்யும்போதே வாய் சொல்லிவிடும். அப்படிக் கேட்ட சொல்லை ஊரையும் தொழிலையும் சேர்த்து, அது வந்த முழு வாக்கியத்தோடு குறித்துவைப்பது நல்லது. தனிச் சொல்லாக எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அதை எங்கே போடுவது என்று தெரியாமல் போய்விடும்.